தரையைத் தொடாத திரை

தனியார் பள்ளிகளுக்கும் பாகுபாடு தடைச் சட்டம் பொருந்தும் என்று அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பள்ளியின் சேர்க்கைக் குழு மிகவும் மனம் வருந்தியது. பாகுபாடு தவறு என்பதில் குழுவினருக்கு என்றுமே மாற்றுக் கருத்து இருந்ததில்லை. அந்தத் தவறு தங்களிடமும் இருக்கக்கூடும் என்பதுதான் அவர்களுக்குப் புதிய செய்தி.

குழுவில் மூவர் இருந்தனர். பள்ளியை நிறுவியவருக்கு மகனாகப் பிறந்த தகுதியால் தாளாளரானவர் ஒருவர். சேர்க்கைக்கு வரும் பிள்ளையை வாசற்படியில் கண்ட மாத்திரத்தில் 'இது தேறும், இது தேறாது' என்று சொல்லிவிடும் முதல்வர் அம்மையார் மற்றொருவர். மூன்றாமவர் சட்ட ஆலோசகர். அவர் அந்தச் சட்டத்தின் அட்டையையும் முதற்பக்கத்தையும் ஐயமறக் கற்றிருந்தார். முந்தைய ஆண்டு வாசற்படியிலேயே தேறாமற்போன ஒரு பிள்ளையின் தாய் புகார் கொடுத்துவிட, மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். குழு கூடியது. தவறு எங்கே நிகழ்ந்தது என்று நேர்மையாக ஆராய்ந்து, அது கண்ணில் நிகழ்ந்தது என்று கண்டறிந்தது. கண் பார்க்கிறது, பார்ப்பதால் வேறுபாடு தெரிகிறது, தெரிவதால் பாகுபாடு பிறக்கிறது. ஆகவே, இனிப் பிள்ளைகளைப் பாராமலேயே சேர்ப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. நேர்காணல் அறையின் நடுவே ஒரு திரை தொங்கும். இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் குழு. காணாமல் நடப்பதற்கு நேர்காணல் என்ற பெயர் பொருந்துமா என்று தாளாளர் மட்டும் கேட்டார். பலகை ஏற்கெனவே எழுதி மாட்டியாகிவிட்டது என்று அவருக்கு நினைவூட்டப்பட்டது.

திரை தைக்க வந்தவரை அந்த வட்டாரத்தில் எல்லோரும் திரைக்காரர் என்றுதான் அழைப்பார்கள். சன்னல் திரை, கதவுத் திரை, மேடைத் திரை என்று எது கேட்டாலும் தைப்பார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். உள்ளே கறுப்பும் வெளியே வெளிர்நீலமுமாக இரட்டைத் துணி வைத்து, வெளிச்சம் ஊசிமுனையளவும் புகாதபடி தைத்துத் தருவதாக அவர் சொன்னபோது முதல்வர் அம்மையார் மகிழ்ந்தார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"தரையில இருந்து ஒரு சாண் இடைவெளி விட்டுடுங்க. தரை துடைக்க வசதியா இருக்கும்."

"தரையைத் தொட்டாத்தான் மேடம் திரைக்கு லட்சணம்."

"லட்சணம் பார்க்கிறதுதான் பாகுபாடு," என்றார் அம்மையார்.

திரைக்காரர் நாடாவை எடுத்தார். ஒரு சாண் விட்டே தைத்தார். மாட்டி முடித்ததும் மூவரும் திரைக்குப் பின்னால் போய் அமர்ந்து, ஒருவரையும் காணோம் என்று சொல்லிக் கைதட்டினார்கள்.

அந்தத் திரையின் முன்னால் தம் மகளையே உட்காரவைக்கப் போகிறோம் என்று அப்போது திரைக்காரருக்குத் தோன்றவில்லை.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் வாயாடி என்பது பெயர். நான்கு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய காதுகளை எடுத்துக்கொண்டு போனபோது, அதற்கு முன்பே அவள் கற்று வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டுப் போனது. அதை அவள் ஒருநாளும் வீணாக்கியதில்லை. பிறர் பேசுவதை உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். அதற்காக அந்த வீட்டில் பெரிய ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. பேசுபவர் அவளைப் பார்த்துப் பேசுவார். விளக்கை முகத்தில் விழும்படி வைத்தார்கள். திரைக்காரருக்குக் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு தைக்கும் பழக்கம் இருந்தது. "ஊசியோட பேசினா எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று ஒருநாள் அவள் கேட்டாள். அன்று முதல் குண்டூசிகள் சட்டைக் கையில் குடியேறின. அவ்வளவுதான்.

படித்துக்கொண்டிருந்த பள்ளியில் வகுப்புக்கு எழுபது பிள்ளைகள். கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் ஆசிரியரின் உதடு தெரியாது, மீசைதான் தெரியும். வகுப்புக்கு இருபதே பிள்ளைகள் என்று பெயர்பெற்ற பள்ளி, கூப்பிடு தூரத்தில் இது ஒன்றுதான். இதிலும் இடம் கிடைக்காவிட்டால் மகளுக்கு மீசைதான் கல்வி. தைத்தவரே கேட்டால் திரையைச் சற்று விலக்கிக்கொள்வார்கள் என்று திரைக்காரர் நம்பினார்.

நேர்காணலன்று வாசலில் காவலர் கன்னங்கறுத்த கண்ணாடி அணிந்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"யாருங்க?" என்றவர், உடனே, "வேண்டாம், சொல்லாதீங்க. எனக்குத் தெரியக் கூடாதாம்," என்றார்.

உள்ளே, வந்தவர்களை அம்மா, அப்பா, பையன், பெண் என்று பிரித்துப் பேசுவது நிறுத்தப்பட்டிருந்தது. எல்லோரும் நபர்.

"பெரிய நபர் ஓரமா உட்காருங்க. சின்ன நபர் நடுவுல," என்றது திரைக்குப் பின்னிருந்து முதல்வர் அம்மையாரின் குரல்.

"வணக்கம் மேடம். நான்தாங்க, இந்தத் திரையைத் தைச்ச..."

"உங்களை நாங்க இதுக்கு முன்னாடி பார்த்ததில்லை."

"போன வாரம்கூடக் கம்பி மாட்ட வந்தேனே மேடம். நீங்கதான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டீங்க."

"பார்த்ததில்லை," என்றது குரல்.

பிறகு வினா வந்தது. தாளாளர் கணீரென்று படித்தார். "பெயர், ஊர், வயசு, வீட்டு மொழி, பெற்றோர் தொழில், இது எதையும் சொல்லாம, உன்னைப் பத்திச் சுருக்கமா சொல்லு."

மகள் வெளிர்நீலத் திரையை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தாள். இரண்டாம் வினா வந்தது, மூன்றாவதும் வந்தது. திரைக்காரர் கைசாடையால் எதையோ சொல்ல முற்பட, அந்தப் பக்கத்திலிருந்து, "பெரிய நபர் அசையிற சத்தம் கேட்குது. உதவி செய்யக் கூடாது. மத்த பிள்ளைகளுக்கு அநியாயம்," என்ற எச்சரிக்கை வந்தது.

மகள் பக்கத்தில் திரும்பி, "அப்பா, எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டாள்.

அப்போது திரைக்குக் கீழே இருந்த ஒரு சாண் இடைவெளியில், மூக்குக்கண்ணாடி அணிந்த முகம் ஒன்று தலைகீழாகத் தோன்றி, மகளின் காலணிகளை உற்றுப் பார்த்துவிட்டு மறைந்தது.

"பாவம், பேனாவைக் கீழ போட்டுட்டாங்க போல," என்றாள் மகள்.

இதற்குமேல் பொறுக்க முடியாமல் திரைக்காரர் எழுந்தார். "மேடம், மன்னிக்கணும். குழந்தைக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்தாத்தான் அவளுக்குப் புரியும்."

திரைக்குப் பின்னால் நாற்காலி ஒன்று நகர்ந்தது. பின்னர் சட்ட ஆலோசகரின் நடுங்கும் குரல் எழுந்தது. "ஏன் சொன்னீங்க? இப்ப எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சா பாகுபாடு வந்துடுமே. மேடம், இந்த நபர் சொன்னதைக் குழு கேட்கலைன்னு குறிச்சுக்குங்க."

"கேட்கலை," என்றார் தாளாளர்.

"எனக்கும் கேட்கலை," என்றார் அம்மையார்.

அந்த அறையில் அன்று காது கேளாதவர்கள் நால்வர் இருந்தனர். அவர்களில் ஒருத்திக்கு மட்டும் இடம் மறுக்கப்பட்டது. 'நபர் விடையளிக்க விரும்பவில்லை' என்பது காரணம்.

திரைக்காரர் முதல்வர் அம்மையாரின் அறைக்குப் போனார். அங்கும் மேசையின்மேல் சிறியதொரு தடுப்பு இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து அம்மையார் மிகுந்த கனிவோடு பேசினார்.

"நீங்க கேட்கிறது என்னன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பிள்ளைக்கு மட்டும் முகத்தைக் காட்டுன்னு சொல்றீங்க. அப்ப மத்த பிள்ளைகளுக்கு? இங்க எல்லாருக்கும் எல்லாம் ஒண்ணுதான். பரீட்சை அன்னைக்குக் கண்ணாடி போட்ட பிள்ளைங்க எல்லாரும் கழட்டி வச்சுட்டுத்தான் எழுதணும். ஏன்? மத்தவங்ககிட்டக் கண்ணாடி இல்லையே. போன மழைக்கு ஒரு பிள்ளைகிட்டக் குடை இல்லை. என்ன பண்ணோம்? அத்தனை குடையையும் வாங்கிப் பூட்டி வச்சுட்டு, அத்தனை பேரையும் நனைய விட்டோம். ஒரு பிள்ளைகூட மனசு கஷ்டப்படலை. எல்லாருக்கும் சளி. சமத்துவம்னா அது."

"சட்டத்துல, தேவைப்படுற பிள்ளைக்குத் தேவையானதைச் செஞ்சு கொடுக்கணும்னு இருக்குன்னு சொன்னாங்க மேடம்."

"அது எத்தனாவது பக்கம்?"

"தெரியலைங்க."

"எங்க ஆலோசகருக்கும் தெரியாது. நாங்க சட்டத்தை ஆரம்பத்துல இருந்து கடைப்பிடிக்கிறோம். இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரலை." குரல் மேலும் கனிந்தது. "மனசை விடாதீங்க. எல்லாருக்கும் ஒரு மறுவாய்ப்பு உண்டு. வர்ற திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க. அதே அறை, அதே திரை. ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த நபரோட இடது ஷூ கொஞ்சம்..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். "ஒண்ணுமில்லை. போயிட்டு வாங்க."

திரைக்காரர் வணங்கி விடைபெற்றுத் தெருவில் பாதி தூரம் நடந்த பிறகுதான், கீழே விழாத பேனாவைத் தேடி வந்த அந்தத் தலைகீழ் முகம் அவருக்கு விளங்கியது.

வீட்டில் மனைவி ஒரு மேடைத் திரைக்கு அடிமடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்தார்.

"ஊர்ல எவ்வளவோ தையற்காரங்க இருக்காங்க. பெத்த பிள்ளைக்குக் குறுக்கே அளவெடுத்துச் சுவர் கட்டின ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"நான் என்ன கண்டேன்?"

"எப்படிக் காண்பீங்க? ஊசிமுனை வெளிச்சம்கூடப் புகாம தைச்சீங்களே. பெருமை வேற. தைக்கத் தெரிஞ்சவருக்குப் பிரிக்கத் தெரியாதா? போய் நடுவுல ஒரு ஓட்டை போட்டுட்டு வாங்க."

"நான் தைச்ச துணியை நானே கிழிக்கிறதா?"

"கிழிக்க வேண்டாம்னா, சட்டகம் போட்டு மாட்டிக் கும்பிடுங்க."

இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த மகள், "அம்மா சொல்றதுதாம்பா சரி," என்றாள். "ஆனா சின்ன ஓட்டையா போடு. ஒரு வாய் தெரிஞ்சாப் போதும்."

திங்கட்கிழமை காலை, சட்டைப் பையில் தையல் பிரிக்கும் கத்தியோடும், அதைப் பயன்படுத்தும் துணிவு சிறிதும் இல்லாமலும் திரைக்காரர் பள்ளி வாசலுக்கு வந்தார். காவலர் அதே கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தார். நேரமிருந்ததால் மகள் அவரோடு பேச்சுக் கொடுத்தாள்.

"மாமா, உங்களுக்குக் கண் வலியா?"

"இல்லம்மா. வர்றவங்களைப் பார்க்கக் கூடாதுன்னு போட்டுவிட்டிருக்காங்க."

"அப்ப எப்படிச் சாப்பாட்டுக்குப் போவீங்க?"

"தட்டுத் தடவித்தான். முந்தாநாள் தாளாளர் கார் டிரைவரோட சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டேன்."

அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார். பேச்சு வளர்ந்துகொண்டே போனது. திரைக்காரர் முதலில் அதைக் கவனியாமல் கத்தியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தடவுவதை நிறுத்தினார். காவலருக்கு அவளைத் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு அவருடைய வாய் நன்றாகத் தெரிகிறது. பிள்ளைகளைக் குழு பார்க்கக் கூடாது என்பதுதானே தீர்மானம். குழுவைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று எவரும் தீர்மானிக்கவில்லையே.

அவர் மகளைக் காவலருடன் விட்டுவிட்டு, வேலைக்காரர்கள் வரும் பக்கவாசல் வழியாக உள்ளே போனார். பக்கவாசலில் போனால் அவரைக் குழுவினருக்கு அடையாளம் தெரியும்.

"வாங்க திரைக்காரரே, என்ன இந்தப் பக்கம்?" என்றார் தாளாளர்.

"ஒரு சின்ன விஷயங்க. தப்பா எடுத்துக்கக் கூடாது. திரைக்குக் கீழ ஒரு சாண் இடைவெளி இருக்கு. அது வழியா பிள்ளைங்களோட செருப்பு தெரியும். செருப்பைப் பார்த்துத்தான் இடம் கொடுக்கிறாங்கன்னு எவனாவது எழுதிப் போட்டுட்டா..."

சட்ட ஆலோசகர் முதல்வர் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் சன்னலைப் பார்த்தார்.

"அது தரை துடைக்க விட்டது," என்றார் அம்மையார்.

"எனக்குத் தெரியும் மேடம். எழுதுறவனுக்குத் தெரியணுமே. இப்பவே கழட்டிட்டுப் போய் ஒரு சாண் ஒட்டுக் கொடுத்துத் தைச்சு மாட்டிடறேன்."

"இன்னைக்கு ஒரு மறுவாய்ப்பு இருக்கே. திரை இல்லாம எப்படி?"

திரைக்காரர் தலையைச் சொறிந்தார். "வாசல்ல காவலர் போட்டிருக்காரே, அது மாதிரி ஆளுக்கு ஒண்ணு..."

மூவரும் சிந்தனையில் ஆழ்ந்தனர். சட்ட ஆலோசகர் எழுந்து நின்று பேசினார். "திரைங்கிறது என்ன? பார்வைக்கும் பொருளுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு. கறுப்புக் கண்ணாடியும் அதேதான். தூரம் மட்டும்தான் வித்தியாசம். சொல்லப்போனா, திரை பிள்ளையை மறைக்குது. கண்ணாடியோ உலகத்தையே மறைக்குது. இதுதான் முழுமையான சமத்துவம். இந்த யோசனை எனக்குப் போன மாசமே வந்தது."

கண்ணாடிகள் வந்தன. அவற்றின் உட்புறத்தில் கறுப்புத் தாளும் ஒட்டப்பட்டது. திரைக்காரர் திரையைக் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாசலால் வெளியேறி, முன்வாசலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நபராக உள்ளே வந்தார்.

அறையில் மூன்று நாற்காலிகளில் மூன்று கறுப்புக் கண்ணாடிகள் மூன்று திசைகளைப் பார்த்தபடி அமர்ந்திருந்தன. சன்னல் வெளிச்சம் மூன்று வாய்களிலும் விழுந்தது. மகளின் முகம் மலர்ந்தது.

"உன்னைப் பத்திச் சுருக்கமா சொல்லு," என்று சுவர்க் கடிகாரத்தை நோக்கிக் கேட்டார் தாளாளர்.

"எனக்குச் சுருக்கமா பேச வராதுங்க," என்றாள் மகள். பிறகு தன் பேச்சு, கணக்கு, பூனை, உதடு பார்க்கும் வித்தை, மீசை வைத்த ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டே போனாள். கேட்ட கணக்குகளுக்கு விடை சொன்னாள். படிக்கச் சொன்ன பத்தியைப் படித்தாள். குழு திகைத்தது.

முதல்வர் அம்மையார் தாளாளரின் பக்கம் சாய்ந்தார். ஓரத்தில் இருந்த பெரிய நபருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதால், குரலே எழாமல், உதட்டை மட்டும் அசைத்துத் தாளாளரின் காதோரம் மூச்சுவிட்டார். 'ஷூ தெரியலையே, எப்படி முடிவு பண்றது?'

"பழசுதாங்க மேடம்," என்றாள் மகள் பணிவாக. "இடது பக்கம் வாய் பிளந்திருந்தது. அப்பா தைச்சுட்டார். நல்லாத்தான் இருக்கு."

அம்மையார் நிமிர்ந்தார். பிறகு தாளாளரின் உதடுகள் ஆலோசகரின் காதைத் தேடி, தவறி, நாற்காலியின் முதுகுக்கு அருகே அசைந்தன. 'அந்தக் கடைசி இடம் என் மச்சான் பையனுக்குன்னு சொல்லி வச்சிருக்கேனே.'

"அந்தப் பையனும் நல்லா படிப்பானாங்க?" என்று மகள் ஆர்வத்தோடு கேட்டாள்.

ஆலோசகர் வியர்த்தபடி, அதேபோல் மூச்சாலேயே சொன்னார். 'பேசாதீங்க ரெண்டு பேரும். இந்தப் பொண்ணு ஒருத்தி போதும் நம்ம மேல வழக்கு நிக்க. அந்தச் சட்டத்தை நான் முழுசாப் படிக்கக்கூட இல்லை.'

"நான் படிச்சுச் சொல்லட்டுமா சார்? எனக்குப் பெரிய எழுத்தெல்லாம் நல்லா வரும்."

ஓரத்தில் அமர்ந்திருந்த திரைக்காரருக்கு மகளின் பதில்கள் மட்டுமே கேட்டன. அவற்றுக்குரிய வினாக்கள் யாவை என்று அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் மூன்று கண்ணாடிகளுக்கும் கீழே மூன்று முகங்கள் வெளுத்துக்கொண்டு போவதை அவர் கண்டார். முதல் முறை, கேட்ட வினாவுக்கே அவளிடம் விடையில்லை. இம்முறை, கேளாத வினாவுக்கும் இருந்தது. விதிகளின்படி அதைக் குறைவு என்று கொள்ள வழியில்லை.

"சின்ன நபருக்கு இடம் கொடுக்கப்படுது," என்றார் தாளாளர், கடிகாரத்திடம்.

வீட்டில் மனைவிக்குத் தகவல் சொன்னபோது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருட்டுன்னு நினைக்குமாம். இதுங்க வாயையாவது மூடிக்கிட்டிருக்கலாம்," என்றார்.

அவருடைய இந்தக் கருத்து எவ்வாறோ பள்ளியை எட்டியிருக்க வேண்டும். மகள் முதல் வரிசையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. வகுப்பாசிரியை நல்லவர், பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவார். அது விதிமீறல் என்று அவருக்கு எவரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அந்த நிலையில் குழு திரைக்காரரைப் பக்கவாசல் வழியாக அழைத்தது.

"ஒரு புது வேலை," என்றார் முதல்வர் அம்மையார். "ஒரு பிள்ளைக்கு மட்டும் நாங்க மனசுக்குள்ள பேசிக்கிறது தெரியுது. மத்த பிள்ளைங்களுக்குத் தெரியலை. இது பெரிய பாகுபாடு. அதனால ஆளுக்கு ஒரு சின்னத் திரை தைக்கணும். வாய்க்கு. காதுல மாட்டிக்கிற மாதிரி."

"உங்க மூணு பேருக்குமாங்க?"

"முதல்ல எங்களுக்கு. அது நல்லபடியா அமைஞ்சா, எல்லா ஆசிரியர்களுக்கும்," என்றார் தாளாளர். "சமத்துவம் பாருங்க."

முதல் வரிசை, சன்னல் வெளிச்சம், வகுப்பாசிரியையின் உதடு எல்லாவற்றின்மேலும் வெளிர்நீலத் துணி ஒன்று இறங்குவதைத் திரைக்காரர் மனக்கண்ணில் கண்டார். தைக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர் தைக்காவிட்டால் வேறொரு தையற்காரர் தைப்பார். அவர் நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"தைச்சுடலாம் மேடம். வாய்த் திரைங்கிறது நுணுக்கமான வேலை. அளவு ஒரு நூல் பிசகினாலும் உதடு வெளியே தெரிஞ்சுடும். ஒரு தடவை எடுத்த அளவை நம்ப முடியாது. வாரா வாரம் வந்து பார்த்துக்கிறேன்."

"எங்க கூட்டம் திங்கட்கிழமை. அப்ப வாங்க, மூணு பேரும் இருப்போம்."

"அப்படியே செய்யறேங்க. ஒரே ஒரு வேண்டுகோள்," என்று திரைக்காரர் மிகவும் தாழ்மையாகச் சொன்னார். "நான் அளவெடுக்கிற வரைக்கும் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

அது நியாயமாகப் பட்டதால் குழு ஒப்புக்கொண்டது. திங்கட்கிழமைதோறும் கூட்டம் தொடங்கும் நேரத்துக்குத் திரைக்காரர் வந்துவிடுவார். ஒவ்வொரு வாயாக நாடாவை வைத்து, எடுத்து, மீண்டும் வைத்து, தலையை ஆட்டி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். கூட்டத்துக்கென்று ஒதுக்கிய நேரம் முடிந்ததும் வணங்கி விடைபெறுவார். அளவு இன்னும் சரியாக அமையவில்லை. அந்த ஆண்டு முழுவதும் பள்ளியில் புதிய விதி எதுவும் பிறக்கவில்லை. மழை பெய்தபோது பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு போனார்கள்.